ஆவி தேடும் கருவிப் பெட்டி: கருவிகள் கேட்காத கேள்வி

பேய் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க விரும்புவோருக்காக இணையக் கடைகளில் விற்கப்படும் கருவிப் பெட்டிகளில் ஒன்றைச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். பெட்டிக்குள் நான்கு கருவிகளும் ஒரு சிறு கையேடும் இருக்கின்றன. மின்காந்தப் புலத்தை அளக்கும் மானி ஒன்று. வானொலி அலைவரிசைகளை நிற்காமல் வருடிச் செல்லும் ‘ஆவிப் பெட்டி’ ஒன்று. அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று. டிஜிட்டல் ஒலிப்பதிவுக் கருவி ஒன்று. இதே நான்கும் சிற்சில மாற்றங்களோடு பல நிறுவனங்களின் பெயரில் கிடைக்கின்றன. ஆகவே இந்த மதிப்புரையை இந்த வகைப் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் பொதுவானதாகவே எடுத்துக்கொள்ளலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆவியைக் கண்டறியும் சாதனமாக இந்தப் பெட்டிக்கு எந்த மதிப்பும் இல்லை. இதிலுள்ள கருவிகளுள் ஒன்றுகூட ஆவியை அளப்பதில்லை; அளக்கக்கூடும் என்று நம்புவதற்கு ஓர் அடிப்படையும் இல்லை. ஆனாலும் இதை வாங்கியவர்கள் எல்லோரும் ஏமாந்தவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருட்டில் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, ஒரு சிறு விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது மனித மனம் என்னென்ன செய்கிறது என்பதை இவ்வளவு அருகிலிருந்து காட்டும் பொருள் வேறொன்றை நான் கண்டதில்லை. பேய்க் கதைகளின் பக்கம் நம்மை இழுப்பது எது என்ற கேள்வியில் அக்கறை உள்ளவர்களுக்கு இந்தப் பெட்டி பயன்படும். ஆனால் விடையில் பாதியைத்தான் அது தொடுகிறது. மீதிப் பாதி கதையில் இருக்கிறது. அதைப் பெட்டியைத் தயாரித்தவர்கள் அறவே மறந்துவிட்டார்கள்.

புல மானி கைக்கு அடக்கமானது. ஐந்து சிறு விளக்குகள் பச்சையிலிருந்து சிவப்பு வரை வரிசையாக எரியும். ஒவ்வொன்றும் மில்லிகாஸ் அலகில் ஓர் அளவைக் குறிக்கும். மின்கம்பிகளிலும் வீட்டுச் சாதனங்களிலும் ஓடும் மாறுமின்னோட்டம் தன்னைச் சுற்றி உண்டாக்கும் காந்தப் புலத்தைச் சோதிப்பதற்கென்றே உருவானவை இத்தகைய மானிகள். அந்த வேலையை இது ஒழுங்காகச் செய்கிறது. சுவருக்குள் ஓடும் கம்பி, மின்பலகை, குளிர்பதனப் பெட்டியின் மோட்டார் ஆகியவற்றின் அருகே கொண்டுபோனால் விளக்குகள் ஏறுகின்றன, விலக்கினால் இறங்குகின்றன. ஒரு திசையில் வரும் புலத்தை மட்டுமே உணரும் அமைப்பு என்பதால், நின்ற இடத்திலேயே கையைத் திருப்பினாலும் அளவு மாறிவிடும். பக்கத்தில் இருப்பவருடைய செல்பேசிக்கு அழைப்பு வரும் நொடியில் விளக்கு சிவப்பு வரை தாவக்கூடும். கையேடு இவற்றில் எதையும் சொல்வதில்லை. விளக்கு ஏறினால் அருகில் ஏதோ ஓர் இருப்பு உள்ளது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது.

காந்தப் புலத்துக்கும் பேய்க்கும் எப்படி முடிச்சுப் போட்டார்கள் என்பது அறிந்துகொள்ள வேண்டிய கதை. கனடாவின் லாரன்ஷியன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் பெர்சிங்கர், மூளையின் பொட்டுப் பகுதிகளின் மேல் வலுக்குறைந்த காந்தப் புலங்களைச் செலுத்தும் ஒரு தலைக்கவசத்தைப் பயன்படுத்தி ஆய்வுகள் செய்தார். அதை அணிந்தவர்களில் பலர், அறையில் தங்களைத் தவிர வேறு யாரோ இருப்பதுபோல் உணர்ந்ததாகச் சொன்னார்கள். பின்னர் சுவீடனில் பேர் கிரான்க்விஸ்ட் என்ற உளவியலாளரின் குழுவினர், யாருக்குப் புலம் செலுத்தப்படுகிறது என்பது பங்கேற்பாளருக்கும் தெரியாமல், உடனிருந்து நடத்துபவருக்கும் தெரியாமல் அதே சோதனையைச் செய்து 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். புலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேறுபாடு இல்லை. எளிதில் பிறர் சொல்லுக்கு ஆட்படும் இயல்புள்ளவர்களே அதிகமாக உணர்ந்தார்கள். 2009-ல் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் கிறிஸ்டோபர் ஃபிரெஞ்சும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. அவர்கள் வெற்றறை ஒன்றை அமைத்து, 79 பேரைத் தனித்தனியாக 50 நிமிடம் அதற்குள் இருக்கச் செய்தார்கள். காந்தப் புலத்தையும் காதுக்குக் கேட்காத தாழ்ந்த ஒலியையும் சில வேளைகளில் செலுத்தினார்கள். சில வேளைகளில் எதையும் செலுத்தவில்லை. பலர் தலை சுற்றியதாகவும், உடல் கூசியதாகவும், யாரோ உடன் இருந்ததாகவும் சொன்னார்கள். ஆனால் அந்த அனுபவங்களுக்கும் செலுத்தப்பட்ட புலத்துக்கும் ஒலிக்கும் எந்தத் தொடர்பும் தென்படவில்லை. ‘இங்கே ஏதாவது நேரலாம்’ என்ற எதிர்பார்ப்பு ஒன்றே போதுமானதாக இருந்திருக்கிறது.

இதில் பெட்டியைத் தயாரித்தவர்கள் கவனிக்காத ஒரு முரண்பாடும் உண்டு. பெர்சிங்கர் சொன்னது சரியென்றே வைத்துக்கொண்டாலும், காந்தப் புலம்தான் அந்த உணர்வை உண்டாக்குகிறது என்று ஆகுமேயன்றி, ஆவிதான் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது என்று ஆகாது. மானியின் விளக்கு ஏறும் இடத்தில் பேய் இல்லை என்று சொல்லத்தான் அந்த ஆய்வு இடம் கொடுக்கும். காரணமாகச் சொல்லப்பட்ட ஒன்றை அடையாளமாக மாற்றி விற்பது, வாங்குபவரின் அறிவை மதிக்காத செயல்.

இவ்வளவு தெரிந்த பிறகும், பூட்டிக் கிடந்த பழைய வீடு ஒன்றின் நடுக்கூடத்தில் மானியைத் தரையில் வைத்துவிட்டு நண்பர்களோடு சுற்றி அமர்ந்தபோது, கேள்வி ஒன்று கேட்கப்பட்ட சற்று நேரத்தில் இரண்டாவது விளக்கு மின்னியதும் எனக்குப் புறங்கழுத்தில் மயிர் கூச்செறிந்தது. அருகில் இருந்த ஒருவர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அறிவு வேறொன்று சொல்லிக்கொண்டிருந்தாலும் உடல் தன் வேலையைச் செய்துவிட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம்மவர்கள் சொல்லிவைத்ததை மானுடவியலாளர் ஸ்டூவர்ட் கத்ரி 1993-ல் ஒரு கோட்பாடாகவே விரித்து எழுதினார். புதரில் சலசலப்புக் கேட்டால் அது காற்று என்று நினைத்துப் புலியிடம் சிக்குவதைவிட, புலி என்று நினைத்து ஓடிவிட்டுப் பிறகு காற்று என்று அறிவது உயிருக்கு நல்லது. ஆகவே தெளிவில்லாத இடத்திலெல்லாம் எண்ணமும் நோக்கமும் உள்ள ஓர் உயிரை முதலில் ஊகிக்கும்படி நம் மனம் அமைந்திருக்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். 2000-ல் ஜஸ்டின் பேரட் என்னும் உளவியலாளர் இதையே, செயல்படும் உயிரைக் கண்டுணரும் மனத்திறன் அளவுக்கு மீறி விழிப்பாக இருக்கும் நிலை என்று விளக்கினார். மானி செய்வதெல்லாம் அந்த விழிப்புக்கு ஒரு சலசலப்பைத் தருவதுதான். விளக்கு மின்னாத நேரங்களை நாம் மறந்துவிடுகிறோம். கேள்விக்குப் பின் மின்னிய நேரத்தை விடையாக நினைவில் வைத்துக்கொள்கிறோம்.

ஆவிப் பெட்டி என்ற இரண்டாவது கருவிதான் இந்தத் தொகுப்பின் பெரிய ஈர்ப்பு. அடிப்படையில் அது நிலையம் எதிலும் தங்காத ஒரு ரேடியோ. ஒரு நொடிக்குள் பல அலைவரிசைகளைத் தாண்டிக்கொண்டே இருப்பதால், இரைச்சலுக்கு நடுவே ஓர் அறிவிப்பாளரின் அரைச்சொல், பாட்டின் ஒரு துணுக்கு, விளம்பரத்தின் ஓர் எழுத்து என்று சிதறி வந்து விழுகின்றன. இந்தச் சிதறல்களைச் சேர்த்து இறந்தவர்கள் பேசுகிறார்கள் என்பது நம்பிக்கை. இவ்வகைக் கருவியை 2002-ல் அமெரிக்காவின் ஃபிராங்க் சம்ப்ஷன் உருவாக்கினார். இதற்கு முன்னோடியான பழக்கம் இன்னும் பழையது. சுவீடனில் வாழ்ந்த ஃபிரெட்ரிக் யுர்கன்சன் 1959-ல் பறவைகளின் குரலை ஒலிநாடாவில் பதிவு செய்தபோது மனிதக் குரல்கள் கேட்டதாகச் சொன்னார். அவரைப் பின்பற்றி லாத்வியாவைச் சேர்ந்த கான்ஸ்டன்டின் ரவுடிவ் ஏராளமான பதிவுகளைத் தொகுத்தார். அவருக்குக் கேட்ட குரல்கள் ஒரே வாக்கியத்துக்குள் பல மொழிகளைக் கலந்து பேசின. பல மொழிகள் அறிந்த ஒருவரின் காது, தெளிவற்ற ஓசையில் கிடைத்த மொழியையெல்லாம் தேடிப் பார்த்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஒலியில் பொருள் காணும் இந்த இயல்பைக் கேலிக்குரியதாக நினைப்பது தவறு. அது இல்லாவிட்டால் சந்தையின் இரைச்சலில் நம் பெயரை யாராவது கூப்பிட்டால் நமக்குக் கேட்காது. 1981-ல் ராபர்ட் ரெமெஸ் குழுவினர் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. மனிதப் பேச்சிலிருந்து அதன் முதன்மையான அதிர்வெண்களின் ஏற்ற இறக்கத்தை மட்டும் எடுத்து, சில விசில் ஒலிகளாக மாற்றிக் கேட்கச் செய்தார்கள். என்னவென்று சொல்லாமல் கேட்கச் செய்தபோது பெரும்பாலோருக்கு அது விநோதமான ஓசையாக மட்டுமே பட்டது. ‘இது பேச்சு’ என்று சொன்ன பிறகு அதே ஓசைக்குள் முழு வாக்கியம் கேட்டது. அங்கே உண்மையாகவே ஒரு வாக்கியம் ஒளிந்திருந்தது. ஆவிப் பெட்டியில் அப்படி எதுவும் ஒளிந்திருக்கவில்லை. ஆனால் காது செய்யும் வேலை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இந்தக் கருவியை வாங்குவோருக்கு ஒரு யோசனை சொல்வேன். கையேடு, கேட்ட சொல்லை உடனே உரக்கச் சொல்லுமாறு கூறுகிறது. அப்படிச் செய்யாமல், ஆளுக்கொரு தாளில் எழுதிக்கொண்டு கடைசியில் ஒப்பிட்டுப் பாருங்கள். நாங்கள் செய்து பார்த்தோம். ஒருவர் ‘தண்ணீர்’ என்றும் இன்னொருவர் ‘கண்ணன்’ என்றும் மற்றொருவர் வெறும் இரைச்சல் என்றும் எழுதியிருந்தார்கள். உரக்கச் சொல்லிவிட்டாலோ, அந்தச் சொல்லே எல்லோருக்கும் கேட்கத் தொடங்கிவிடுகிறது. பதிவை மறுபடி ஓட்டினாலும் வேறெதுவும் கேட்பதில்லை. ஒரு கூட்டத்தின் நம்பிக்கை எப்படி உருவாகிறது என்பதைச் சில நொடிகளில் பார்த்துவிட முடிகிறது. கருவியைச் செய்தவர்கள் நினைத்தேயிராத இந்தப் பயன்தான் அதன் உண்மையான பயன்.

வெப்பமானியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அகச்சிவப்பு வெப்பமானி எதிரில் உள்ள பரப்பின் வெப்பத்தை அளக்கும். காற்றின் வெப்பத்தை அளக்காது. அறையின் நடுவே ‘குளிர்ந்த இடம்’ இருக்கிறதா என்று காற்றில் அதை நீட்டினால், அது அதற்குப் பின்னாலுள்ள சுவரையே அளந்து சொல்லும். கண்ணாடியிலும் பளபளக்கும் உலோகத்திலும் தவறாகக் காட்டும். அந்தச் செயலுக்கு அது பொருந்தாத கருவி. பெட்டியில் இடம்பெற்றிருக்கவே கூடாது.

இதை எழுதும்போது ஹாரி பிரைஸ் என்ற பழைய பேய் ஆய்வாளரின் கருவிப் பெட்டி நினைவுக்கு வருகிறது. இங்கிலாந்தின் போர்லி ரெக்டரி என்ற வீட்டை 1937-ல் ஓராண்டுக்கு வாடகைக்கு எடுத்து, செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்து ஆட்களைச் சேர்த்து, அவர்கள் கையில் ஒரு நெறிமுறைக் கையேட்டையும் கொடுத்துக் கண்காணிக்கச் செய்தவர் அவர். அவருடைய பெட்டியில் அளவுநாடா, கயிறு, கதவுகளை முத்திரையிடும் பொருள்கள், விரல்ரேகை எடுக்கும் தூள், வெப்பமானி முதலியன இருந்தன. பிரைஸின் நேர்மையைப் பற்றிப் பிற்காலத்தில் கடுமையான கேள்விகள் எழுந்தது உண்மை. ஆனாலும் அந்தப் பெட்டியில் இருந்த பொருள்களின் நோக்கத்தைப் பாருங்கள். யாராவது கதவைத் திறந்தார்களா, யாருடைய கை பட்டது, எங்கிருந்து காற்று வருகிறது என்று சாதாரணக் காரணங்களை ஒவ்வொன்றாக விலக்குவதற்கான பொருள்கள் அவை. இன்றைய பெட்டியில் எதையும் விலக்கும் கருவி ஒன்றுகூட இல்லை. எல்லாம் ‘ஆம்’ என்று சொல்வதற்காகவே சேர்க்கப்பட்டவை.

கட்டாயம் இருந்திருக்க வேண்டிய ஒரு பொருளும் இல்லை: கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி. 1921-ல் வில்லியம் வில்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் ஒரு மருத்துவ இதழில், பழைய வீடொன்றில் குடியேறிய குடும்பத்தின் அனுபவத்தை வெளியிட்டார். அவர்களுக்குத் தலைவலியும் சோர்வும் தொடர்ந்து இருந்தன. காலடி ஓசைகள் கேட்டன. இரவில் படுக்கையருகே உருவங்கள் தெரிந்தன. வீட்டுச் செடிகள் வாடின. கடைசியில் பார்த்தால், பழுதான சூட்டடுப்பிலிருந்து கார்பன் மோனாக்சைடு கலந்த நச்சுப் புகை வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே பரவிக்கொண்டிருந்தது. அடுப்பைச் சரிசெய்த பிறகு அந்தத் தொல்லைகள் நின்றன. நிறமும் மணமும் இல்லாத இந்த வாயு உயிரையே பறிக்கக்கூடியது. ஒரு வீட்டில் பலருக்கும் ஒரே நேரத்தில் விநோதமான அனுபவங்கள் ஏற்படுகின்றன என்றால் முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுதான். அதைச் சொல்லாமல், இருட்டில் உட்கார்ந்து கேள்வி கேளுங்கள் என்று அறிவுறுத்தும் கையேடு ஆபத்தானது. இதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை.

தாழ்ந்த ஒலியைப் பற்றிய கதை இதைவிடப் புகழ்பெற்றது. பொறியாளர் விக் டாண்டி ஓர் ஆய்வகத்தில் இரவில் தனியே வேலை செய்தபோது, மனம் காரணமின்றிக் கலங்கி, கடைக்கண்ணில் சாம்பல் நிற உருவம் ஒன்று அசைவதைக் கண்டார். திரும்பிப் பார்த்ததும் அது மறைந்தது. மறுநாள் பிடிப்புக் கருவியில் பொருத்தி வைத்திருந்த வாள் ஒன்று தானாகவே அதிர்வதைக் கண்டு தேடியபோது, புதிதாக மாட்டிய ஒரு காற்றாடி ஏறக்குறைய 19 ஹெர்ட்ஸ் அளவில் ஒலியலையை எழுப்பிக்கொண்டிருந்தது தெரிந்தது. அது மனிதக் காதுக்குக் கேட்கும் எல்லைக்குக் கீழே உள்ளது. காற்றாடியை மாற்றியமைத்ததும் அந்த இடத்தின் அச்சமூட்டும் தன்மை போய்விட்டது. இதை அவர் 1998-ல் எழுதினார். பின்னால் வந்த கோல்ட்ஸ்மித்ஸ் ஆய்வு தாழ்ந்த ஒலிக்கு எதிராகவே முடிந்ததால், எல்லாப் பேய் வீடுகளுக்கும் இதை விளக்கமாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் பயந்துபோன மனிதர் ஒருவர் பயத்தைப் புறந்தள்ளாமலும் அதற்கு அடிபணியாமலும் அதன் காரணத்தைத் தேடிச் சென்ற விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். இந்தப் பெட்டியை வாங்குபவர் ஒவ்வொருவரிடமும் அந்த மனநிலை இருந்தால், பெட்டியின் குறைகள் பெரிதாகத் தெரியாது.

பொழுதுபோக்காகப் பார்த்தால் பெட்டி தன் கடமையை நன்றாகவே செய்கிறது. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், திகில் வீடு ஒன்றுக்குள் சென்ற 110 பேரின் இதயத் துடிப்பை அளந்து 2020-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பயம் மிகக் குறைவாக இருந்தாலும் இன்பம் இல்லை. மிக அதிகமாக இருந்தாலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில்தான் மகிழ்ச்சி உச்சத்தைத் தொடுகிறது. இந்தப் பெட்டி நம்மை அந்த நடுவிடத்திலேயே வைத்திருக்கிறது. கையில் ஒரு கருவி இருக்கிறது, பக்கத்தில் ஆள் இருக்கிறார், வேண்டாமென்றால் விளக்கைப் போட்டுவிடலாம் என்ற துணிவு ஒருபுறம். அடுத்த நொடி என்ன நேருமோ என்ற படபடப்பு மறுபுறம். பயத்தை நாமே அழைத்து, நாமே அளவு பார்த்து, நாமே அனுப்பிவைக்கிறோம் என்பதுதான் பேய்க் கதை கேட்பதிலும் உள்ள சுகம். கதை கேட்டுவிட்டு நடுங்கிக்கொண்டே ‘இன்னொன்று சொல்’ என்று கேட்கும் குழந்தைக்கு இது நன்றாகத் தெரியும்.

ஆனால் பயம் மட்டுமே காரணம் என்றால், மனிதர்கள் புலிக் கதைகளையும் புயல் கதைகளையும் மட்டும் சொல்லியிருந்தால் போதுமே. இறந்தவர் திரும்பி வரும் கதையை ஏன் இத்தனை காலமாக விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்? மானுடவியலாளர் பாஸ்கல் பொயர் சொன்ன விளக்கத்தின் ஒரு பகுதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். முற்றிலும் விநோதமான ஒன்றை மனம் எளிதில் பற்றிக்கொள்வதில்லை. தெரிந்த ஒன்றில் ஒரே ஒரு விதி மட்டும் மீறப்பட்டிருந்தால் அது நினைவில் நன்றாகப் பதிகிறது. பேய் என்பது அப்படிப்பட்டது. அதற்குக் கோபம் வரும், ஏக்கம் இருக்கும், வாக்குறுதி நினைவில் இருக்கும், யார் தனக்குத் தீங்கு செய்தார் என்பது தெரியும். உடம்பு ஒன்றுதான் இல்லை. உடம்பைத் தவிர மற்ற எல்லாம் மனிதருடையவை என்பதால் அதனோடு நாம் வழக்காட முடிகிறது, பேரம் பேச முடிகிறது, மன்னிப்புக் கேட்க முடிகிறது.

ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினி ஏறத்தாழ 1900 ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஒரு கடிதத்தில் ஏதென்ஸ் நகரத்துப் பேய் வீடு ஒன்றின் கதை வருகிறது. இரவில் சங்கிலி குலுங்கும் ஓசை கேட்கும். தாடியும் சடையுமாக ஒரு கிழவனின் உருவம் தோன்றும். வாடகைக்கு வருவார் யாரும் இல்லை. அதெனோடோரஸ் என்ற தத்துவஞானி, மலிவாகக் கிடைக்கிறதே என்று விசாரித்து, காரணம் தெரிந்த பிறகும் வீட்டை எடுக்கிறார். இரவில் உருவம் வந்து விரலசைத்துக் கூப்பிடுகிறது. அவர் எழுதுவதை நிறுத்தாமல், சற்றுப் பொறு என்று கையைக் காட்டுகிறார். பிறகு விளக்கை எடுத்துக்கொண்டு பின்தொடர்கிறார். முற்றத்தில் ஓரிடத்தில் அது மறைகிறது. மறுநாள் அங்கே தோண்டினால் சங்கிலியோடு பிணைந்த எலும்புகள். அவற்றை எடுத்து முறைப்படி அடக்கம் செய்கிறார்கள்; அதன் பிறகு அந்த வீட்டில் எந்தத் தொந்தரவும் இல்லை.

இந்தக் கதையில் அதெனோடோரஸ் உருவத்தைச் சோதிக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். நீ உண்மையா, ஒரு சைகை காட்டு என்று கேட்கவில்லை. உனக்கு என்ன வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ள எழுந்து நடக்கிறார். உலகெங்கும் சொல்லப்படும் நல்ல பேய்க் கதைகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியைச் சுற்றியே பின்னப்பட்டவை. கொலையுண்டவருக்கு நியாயம் வேண்டும். அடக்கம் செய்யப்படாதவருக்கு மண் வேண்டும். குழந்தையை விட்டுப் போன தாய்க்கு அந்தக் குழந்தையை ஒருமுறை பார்க்க வேண்டும். உயிரோடு இருந்தபோது யாரும் செவிசாய்க்காதவர்களுக்கு, இறந்த பிறகாவது எல்லோரும் நடுங்கிக் கேட்கும் ஒரு குரலைக் கதை தருகிறது. நம்மை அந்தப் பக்கம் இழுப்பதில் திகிலுக்கு உள்ள பங்கைவிட, தீர்க்கப்படாத கடன் ஒன்று இருக்கிறது என்ற உறுத்தலுக்கு உள்ள பங்கே பெரிது என்பது என் உறுதியான எண்ணம்.

கையேட்டில் அச்சிட்டிருக்கும் கேள்விகளைப் படித்துப் பாருங்கள். ‘இங்கே யாராவது இருக்கிறீர்களா? இருந்தால் விளக்கை எரியுங்கள். உங்கள் பெயர் என்ன? எத்தனை பேர் இருக்கிறீர்கள்?’ எல்லாம் வருகைப் பதிவேடு எடுக்கும் கேள்விகள். இருப்பை நிரூபிக்கச் சொல்லும் கேள்விகளே தவிர, இருப்பவரின் துயரத்தைப் பொருட்படுத்தும் கேள்வி ஒன்றுகூட இல்லை. அதனால்தான் முதல் சிலிர்ப்பு அடங்கியதும் சலிப்பு வந்துவிடுகிறது. விளக்கு எரிந்தது, பிறகு அணைந்தது, மறுபடி எரிந்தது. அதற்கு மேல் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பெட்டிக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரிவதில்லை.

எங்கள் அமர்வுகளில் மனத்தில் நின்ற நேரங்கள் எல்லாம் கருவிகளை அணைத்த பிறகு வந்தவைதான். மானி அணைந்ததும் யாரோ ஒருவர் பேசத் தொடங்குவார். ஒருவர், நள்ளிரவில் விழித்தபோது கை கால் அசைக்க முடியாமல் மார்பின் மேல் பாரம் அழுத்தியதையும், கதவருகே ஒருவர் நின்றதையும் சொன்னார். அமுக்குவான் என்று பலரும் அறிந்த அனுபவம்தான் அது. கனவு காணும் உறக்கத்தில் உடல் தளர்ந்து கிடக்கும் நிலை, விழித்த பின்னும் சற்று நேரம் நீடிப்பதால் அது நேர்கிறது. இதைக் கேள்விப்பட்டே இராதவர்கள்கூட ஒரே மாதிரி விவரிப்பதை நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் டேவிட் ஹஃபர்ட் 1982-ல் வெளிவந்த தம் நூலில் எடுத்துக்காட்டினார். பேய்க் கதைகளுக்குப் பின்னால் உண்மையான உடல் அனுபவங்களும் இருக்கின்றன என்பதை ஏளனமின்றி ஏற்றுக்கொண்ட ஆய்வு அது. அந்த விளக்கத்தை நான் சொன்னபோது நண்பருக்கு நிம்மதி ஏற்பட்டது. ஆனாலும் கதவருகே நின்றவரின் முகம் யாருடையது என்பதைத்தான் அவர் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.

இந்தப் பெட்டியை யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அண்மையில் ஒருவரை இழந்தவர்களுக்குத் தயவுசெய்து இதைக் கொடுக்காதீர்கள். என்னிடம் உள்ள பெட்டியின் மேலட்டையில், பிரிந்து சென்ற அன்புக்குரியவர்களோடு பேசலாம் என்று அச்சிட்டிருக்கிறார்கள்; இதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். துயரத்தை வாடிக்கையாக்கும் வழக்கம் புதிதல்ல. 1848-ல் அமெரிக்காவின் ஹைட்ஸ்வில் என்ற ஊரில் ஃபாக்ஸ் சகோதரிகள் தட்டல் ஓசைகளின் மூலம் ஆவிகளோடு பேசுவதாகச் சொன்னதிலிருந்து ஒரு பெரிய இயக்கமே கிளம்பியது. அவர்களுள் மார்கரெட், கால் விரல் மூட்டுகளைச் சொடுக்கியே அந்த ஓசையை எழுப்பியதாக 1888-ல் மேடையில் ஒப்புக்கொண்டார், பின்னர் அந்த ஒப்புதலை மறுத்தார். 1860களில் வில்லியம் மம்லர் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர், உயிரோடு இருப்பவரின் தோளுக்குப் பின்னால் இறந்தவரின் மங்கலான உருவம் தெரியும் புகைப்படங்களை எடுத்துக் கொடுத்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் மகனையும் கணவனையும் இழந்த எத்தனையோ குடும்பங்கள் இருந்த காலம் அது. 1869-ல் அவர்மேல் மோசடி வழக்கு நடந்தது. போதிய சான்று இல்லாமல் விடுவிக்கப்பட்டார்.

இறந்தவரின் இருப்பை உணர்வதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை என்பதே இதில் முக்கியம். வேல்ஸ் பகுதியின் மருத்துவர் டூவி ரீஸ், துணையை இழந்த 293 பேரைச் சந்தித்துப் பேசி 1971-ல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய பாதிப் பேர் இறந்த துணையின் இருப்பை ஏதோ ஒரு வகையில் உணர்ந்திருந்தார்கள். சிலர் பார்த்தார்கள், சிலர் குரல் கேட்டார்கள், பலர் வெறுமனே அருகில் இருப்பதாக உணர்ந்தார்கள். பெரும்பாலோர் அதை அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. பலருக்கு அது ஆறுதலாகவே இருந்தது. இத்தகைய உணர்வு துக்கத்தின் இயல்பான பகுதி. அதை ஒரு ரேடியோவின் சிதறலோடு கட்டிப்போட்டால் என்ன ஆகும்? இன்று ஏன் பேசவில்லை, ஏன் என் பெயரைச் சொல்லவில்லை, கோபமா என்ற கேள்விகள் முளைக்கும். தானாக வந்த ஆறுதல், கருவியிடம் கெஞ்சிப் பெற வேண்டிய ஒன்றாக மாறிவிடும்.

மற்றபடி, பொருள்களின் தரத்தில் பெரிய குறை இல்லை. மானியின் பொத்தான் உறுதியாக இருக்கிறது. ஆவிப் பெட்டி பேட்டரியை விரைவில் தின்றுவிடுகிறது. அதன் ஒலிபெருக்கி கரகரப்பானது என்பதால் ஹெட்ஃபோன் வைத்துக் கேட்பது நல்லது. ஒலிப்பதிவுக் கருவி நான் எதிர்பார்த்ததைவிடத் தெளிவாகப் பதிவு செய்கிறது. பிறருக்குச் சொந்தமான கட்டடங்களுக்குள் அனுமதியின்றிப் போக வேண்டாம். இடிந்த தளமும் துருப்பிடித்த ஆணியும் எந்தப் பேயையும்விட நிச்சயமானவை.

மனத்தின் இயல்பை நேரில் பார்க்க விரும்பும் நண்பர்கள் குழுவுக்கும், வளர்ந்த மாணவர்களுக்குச் சோதனை முறையைக் கற்பிக்க விரும்பும் ஆசிரியருக்கும் இந்தப் பெட்டியைப் பரிந்துரைப்பேன். கையேட்டைப் புறக்கணித்துவிட்டு, தனித்தனித் தாளில் எழுதும் முறையைக் கடைப்பிடித்தால் ஒரு மாலைப் பொழுது மிகப் பயனுள்ளதாக அமையும். ஆவியைச் சந்திக்க வேண்டும் என்று வாங்குவோருக்குப் பரிந்துரைக்க மாட்டேன். நான்கு கருவிகளும் தனித்தனியாகவும் விற்கப்படுகின்றன. ஒன்றை மட்டும் வாங்குவதானால் ஒலிப்பதிவுக் கருவியை வாங்குங்கள். அதை இருட்டறையில் வைத்துவிட்டு வராமல், உங்கள் வீட்டில் வயதில் மூத்தவர் ஒருவரின் பக்கத்தில் வைத்து, அவர் அறிந்த பேய்க் கதை ஒன்றை ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொல்லுங்கள். கதை முடிந்ததும், அந்தப் பேய்க்கு என்ன வேண்டியிருந்தது என்றும் அவரிடம் கேளுங்கள்.